எல்லாக் கட்டிலுக்கும் ரிப்போர்ட் எழுதினேன், எனக்கு மட்டும் இல்லை

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவில், போகிற போக்கில், "பொறுப்பில் இருக்கிறவர்கள் நாளுக்கு ஒரு தடவையாவது தங்களைத் தாங்களே திரும்பிப் பார்க்க வேண்டும்" என்று எழுதிவிட்டேன். ஒரே ஒரு வரிதான். அதைப் பிடித்துக்கொண்டு அதிபர் முதல் தச்சுப் பட்டறை முதலாளி வரை கடிதம் போட்டிருக்கிறார்கள். எப்படி, எப்போது, நேரம் இல்லையே, நித்திரை வராதே என்று. சரி, இந்த முறை வேறு கேள்விகள் இல்லை. மிளகாய்ச் செடி இலை சுருள்வதற்கு மருந்து கேட்டவரும், மருமகளோடு ஒத்துப்போவது எப்படி என்று கேட்ட மாமியும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். மாமி, உங்கள் கடிதம் நாலு பக்கம், ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டிய கடிதம்.

*

கேள்வி: அக்கா, இந்த வருஷம்தான் அதிபராகப் பொறுப்பெடுத்தேன். ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில், தினமும் சுயபரிசோதனை செய்து எழுதுங்கள் என்றார்கள். நல்ல மட்டை போட்ட டயறி ஒன்று வாங்கி ஒன்பது நாள் எழுதினேன். பத்தாம் நாள் பரிசளிப்பு விழா வந்தது, அதோடு போச்சு. இப்போது டயறியைக் கண்டாலே வெட்கமாக இருக்கிறது. இதை எப்படிப் பழக்கமாக்குவது?
– அதிபர் ஒருவர், வடமராட்சி

பதில்: சேர், ஒன்பது நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. என்னுடைய முதல் கொப்பியில் நாலு பக்கம்தான் இருந்தது, ஐந்தாம் பக்கத்தில் மீன்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசுக் கணக்கு. ஆகவே முதலில் அந்த வெட்கத்தை விடுங்கள். 2010இல் லண்டன் யூனிவேர்சிற்றி கொலிஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமலே கை போகிற அளவுக்கு ஊறுவதற்கு எத்தனை நாள் எடுக்கும் என்று பார்த்தால், நடுக்கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடாது என்பதும் அவர்கள் கண்டதுதான். நீங்கள் ஒன்பதாம் நாளிலேயே உங்களைப் பெயில் பண்ணிவிட்டீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அப்படிச் செய்வீர்களா?

இனி என் கதை. நான் 31 வருஷம் நேர்ஸாக இருந்தவள், கடைசிப் பதினாலு வருஷம் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். எங்கள் தொழிலில் டியூட்டி மாறும்போது ரிப்போர்ட் எழுதாமல் யாரும் வாட்டை விட்டுப் போக முடியாது. முதலாம் கட்டிலுக்குக் காய்ச்சல் எவ்வளவு, ஒன்பதாம் கட்டில் சாப்பிட்டாரா, இருபதாம் கட்டிலுக்கு இரவு எத்தனை மணிக்கு ஊசி, எல்லாம் அந்தப் பெரிய கொப்பியில் ஏற வேண்டும்.

ஒரு நாள் காலை ஏழு மணி, இரவு டியூட்டி முடிந்து ஒப்படைக்கிற நேரம். வேலைக்கு வந்து மூன்று மாதமான ஒரு பிள்ளை. பதினேழாம் கட்டிலின் சாட்டைப் பார்த்தேன். நோயாளி எவ்வளவு தண்ணீர் எடுத்தார், எவ்வளவு போனது என்று மணிக்கு மணி எழுத வேண்டிய சாட், அதிகாலை மூன்றுக்குப் பிறகு வெறும் கட்டங்கள். "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான சொல், கத்தினேன். அற்றெண்டன்மார், நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பொக்கற்றில் குத்தியிருந்த பேனையின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றது. டக், டக். அந்தச் சத்தம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு அற்றெண்டன் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று மணியிலிருந்து விடியும் வரை பதினேழாம் கட்டில்காரருக்கு மூச்சு இழுத்திருக்கிறது. அந்தப் பிள்ளை கட்டிலை விட்டு அசையவில்லை. கணக்கெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பொக்கற்றில் வைத்திருந்தது, பிறகு சாட்டில் ஏற்றலாம் என்று. பேனைக்குப் பக்கத்திலேயே அந்தக் கடதாசி.

அன்று 32 கட்டிலுக்கும் நான் ரிப்போர்ட் எழுதியிருந்தேன். என் நடத்தைக்கு ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு வாங்கியதுதான் அந்த முதல் கொப்பி.

நாலு பக்கத்தோடு அது நின்றதற்குக் காரணமும் பிறகுதான் விளங்கியது. அதில் நான் எழுதியதெல்லாம் "எனக்குப் பொறுமை போதாது", "நான் கனிவாக இருக்கப் பழக வேண்டும்" என்ற மாதிரி. வாசித்தால் யாரோ ஒருத்தியின் சாதகக் குறிப்புப்போல இருக்கும். அதை வைத்து அடுத்த நாள் என்ன செய்வது? ஒன்றும் செய்ய ஏலாது. 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்று எழுதத் தொடங்கினால் ஒன்றில் உங்களுக்கு நீங்களே மாலை போடுவீர்கள், இல்லாவிட்டால் உங்களையே திட்டித் தீர்ப்பீர்கள். இரண்டும் இரண்டு கிழமையில் அலுத்துவிடும். எழுத வேண்டியது ஆளைப் பற்றி இல்லை, இன்றைக்கு ஒரு இடத்தில், ஒரு மணிக்கு, ஒரு ஆளிடம் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

இதற்குச் சுலபமான ஒரு முறை இருக்கிறது. ரெறி போட்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970இல் சொன்ன மூன்று கேள்விகள், பிறகு ஜோன் டிரிஸ்கொல் என்பவர் எங்கள் நேர்ஸ் தொழிலுக்கு எடுத்து வந்தார். என்ன? அதனால் என்ன? இனி என்ன? அவ்வளவுதான். உங்களுக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன், கற்பனைதான், கோபிக்க வேண்டாம். "இன்று 7.35, கேற்றடி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பிந்தி வந்தது. எல்லாருக்கும் முன்னால் 'உங்கட வீட்டில மணிக்கூடு இல்லையோ' என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ரீச்சர் சிரித்தா." இது 'என்ன'. "அவ சிரித்தது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் கேட்டது பிள்ளையைத் திருத்த இல்லை, பகிடிக்கு." இது 'அதனால் என்ன'. "நாளை இடைவேளையில் பிள்ளையைத் தனியக் கூப்பிட்டு, காலையில் யார் எழுப்புகிறார்கள், யார் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று கேட்பது." முடிந்தது. ஏழெட்டு வரி. நல்ல மட்டை போட்ட டயறி வேண்டாம், அது உங்களை வடிவாக எழுதச் சொல்லிக் கரைச்சல் தரும். நாற்பது பக்க ஒற்றைறூள் கொப்பி போதும்.

எப்போது என்றால், இரவு படுக்க முதல் என்று வைக்காதீர்கள். களைத்துப்போய் வந்து, சாப்பிட்டு, ஒரு சிவபுராணமும் சொல்லி முடிக்கிற நேரத்தில் கொப்பியைத் திறந்தால் கண் சொருகும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு இதைக் கட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு, பியோன் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நிற்கிற அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதைப் பிடியுங்கள். லாச்சியைப் பூட்ட முதல் கொப்பி. கொஞ்ச நாளில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் கை தானாகவே பேனையைத் தேடும். பியோனுக்கும் ஒரு கதிரை போட்டு இருக்கச் சொல்லுங்கள், அவர் பாவம்.

*

கேள்வி: எனக்குக் கொப்பியே தேவையில்லை அக்கா. பாயில் சரிந்தால் தானாகவே தொடங்கிவிடும். போன மாதக் கூட்டத்தில் ஒரு அங்கத்தவருக்குச் சுழற்சிக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டேன், முந்தின கடனில் இரண்டு தவணை அவ இன்னும் கட்டவில்லை. அவ முகம் கறுத்துப்போச்சு. அதிலிருந்து ஒவ்வொரு இரவும் ஏன் அப்படிச் சொன்னேன், வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமோ, எல்லாரும் என்னை என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒரு மணி இரண்டு மணி வரை. இதுவும் சுயபரிசோதனைதானே, இது எனக்கு ஒரு நன்மையும் செய்யவில்லையே?
– மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, வலிகாமம்

பதில்: இல்லை தங்கச்சி, அது வேறு. இது அசைபோடுகிறது. மாடு அசைபோட்டால் தின்றது செமிக்கும், நாங்கள் அசைபோட்டால் செமித்ததும் திரும்பி வரும். சூசன் நோலன் ஹூக்ஸெமா என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் பல வருஷம் ஆராய்ந்தார். கவலையில் இருக்கிற ஆள், ஏன் எனக்கு இப்படி, ஏன் நான் இப்படி என்று ஒன்றையே அரைத்துக்கொண்டிருந்தால் கவலை குறையாது, நீளும் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கண்டது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு அளவு இருக்கிறது. யோசித்து முடியும்போது நாளைக்குச் செய்ய ஒரு வேலை கையில் இருக்கிறதா? இருந்தால் அது திரும்பிப் பார்த்தது. அதே கேள்வியில் நாலாவது தரமும் நிற்கிறீர்கள் என்றால் எழும்பிப் போய்த் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் கேள்விகளைப் பாருங்கள், எல்லாம் 'ஏன்', அப்புறம் 'என்ன நினைப்பார்கள்'. 'ஏன் அப்படிச் சொன்னேன்' என்று கேட்டால் மனம் ஒரு கதை கட்டும், பெரும்பாலும் உங்களுக்கு எதிரான கதை. 'என்ன சொன்னேன், எந்தச் சொல்லில் அவ முகம் மாறியது' என்று கேட்டுப் பாருங்கள். கடன் இல்லை என்றதிலா, இல்லை, இரண்டு தவணை கட்டவில்லை என்பதை எல்லாருக்கும் முன்னால் சொன்னதிலா? எனக்கு என்னவோ இரண்டாவதாகத்தான் படுகிறது. கடன் இல்லை என்றது சரியான முடிவு, அதில் நீங்கள் மாற வேண்டியதில்லை, சங்கக் காசு ஒருவர் வீட்டுக் காசு இல்லை. ஆனால் நிலுவைக் கணக்கைக் கூட்டத்துக்கு முதல் நாள் அவவின் வீட்டுக்குப் போய்ப் படலையடியில் நின்று சொல்லியிருக்கலாம். இப்போதும் போகலாம். போய், "முடிவு அதுதான், ஆனால் நான் அதை எல்லாருக்கும் முன்னால் சொன்னது பிழை" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவ பிளேன்ரீ தந்தால் குடியுங்கள், தராவிட்டாலும் நித்திரை வரும்.

இன்னொன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈத்தன் குரொஸ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் செய்த பரிசோதனைகளில், தன்னோடு கதைக்கும்போது 'நான்' என்று சொல்லாமல் தன் பெயரைச் சொல்லிக் கதைத்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. எங்கள் அம்மம்மா ஒருபோதும் ஆராய்ச்சி வாசித்ததில்லை, ஆனால் கிணற்றடியில் தன் பெயரைச் சொல்லித் தன்னையே ஏசிக்கொண்டுதான் உடுப்புத் தோய்ப்பா. ஒரு சிநேகிதிக்குப் புத்தி சொல்கிற மாதிரி உங்கள் பெயரைப் போட்டு நாலு வரி எழுதுங்கள். பின்னேரம், விளக்கு வைத்த கையோடு, கதிரையில் இருந்து. படுத்துக்கொண்டு வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் இரண்டு மூன்று கிழமை நித்திரை இப்படியே போனால், சாப்பாடும் மனம் இல்லாமல் இருந்தால், வைத்தியரிடம் போங்கள். இதை அக்காவாக இல்லை, நேர்ஸாகச் சொல்கிறேன்.

*

கேள்வி: என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். காலை ஏழரைக்குப் பட்டறை திறந்தால் இரவு ஏழு. இந்தச் சுயபரிசோதனை எல்லாம் ஏசி அறையில் இருக்கிற பெரிய கொம்பனி ஆட்களுக்கு உரியது. எங்களுக்கு எங்கே நேரம்?
– தச்சுப் பட்டறை முதலாளி, கோண்டாவில்

பதில்: தம்பி, கதவு ஒன்றுக்குப் பலகை சீவும்போது எத்தனை தரம் மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறீர்கள்? அதற்கு நேரம் இல்லை என்று ஒருநாளாவது சொல்லியிருப்பீர்களா?

நேரத்தைப் பற்றிக் கேட்டபடியால் ஒரு கணக்குச் சொல்கிறேன். இந்தியாவில் விப்ரோ என்ற கணினி நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த புது ஆட்களை வைத்து ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் நாள் முடிவில் கடைசி 15 நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டு, அன்றைக்குப் படித்ததைப் பற்றி யோசித்து எழுத வேண்டும். மற்றவர்கள் அந்த 15 நிமிஷமும் வேலை செய்யலாம். கடைசிச் சோதனையில் எழுதினவர்கள் சுமார் 23 சதவீதம் கூட எடுத்தார்கள், வேலை செய்த நேரம் குறைவாக இருந்தும். இது பரீட்சைப் புள்ளி, முதலாளிமாரின் குணம் இல்லை, ஆகவே இதை வைத்து ஊரை எழுப்ப நான் வரவில்லை. ஆனால் நிறுத்தி யோசிக்கிற நேரம் வீண் நேரம் என்ற கணக்கு பிழை என்பதற்கு இது காணும்.

உங்களுக்குப் பதினைந்தும் வேண்டாம். பின்னேரம் மரத்தூள் கூட்டுகிற நேரம் மூன்று நிமிஷம். எழுதப் பஞ்சி என்றால் பென்சிலால் ஒரு பலகைத் துண்டில் ஒரு வரி எழுதுங்கள், காதில் எப்படியும் பென்சில் இருக்கும். அதோடு கிழமைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள்: "இந்தக் கிழமை நான் செய்ததில் உனக்கு வேலையைக் கஷ்டமாக்கினது எது?" முதல் மூன்று கிழமையும் "ஒன்றும் இல்லை அண்ணை" என்றுதான் வரும். காசு கையில் கொடுக்கிற ஆளிடம் வேறு என்ன சொல்வார்கள், ஆகவே காசைக் கொடுத்து முடித்த பிறகு கேளுங்கள். நாலாம் கிழமை ஒருத்தன், அநேகமாக ஆகக் குறைய வயதுக்காரன், "அளவை இரண்டு தரம் மாற்றிச் சொன்னீங்கள் அண்ணை, பலகை வீணாப் போச்சு" என்பான். அப்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதில்தான் ஐந்தாம் கிழமை இருக்கிறது.

*

கேள்வி: எங்கள் கழகம் ஒரு ஓவர்கேம் கரப்பந்துச் சுற்றுப்போட்டி வைத்தது. ஜெனரேற்றர் பிந்தி வந்தது, மைக் வேலை செய்யவில்லை, இறுதிப் போட்டி முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. அடுத்த நாள் வட்ஸ்அப் குழுவில் எல்லாரும் செயலாளராகிய என்னைத்தான் கிழித்தார்கள். நான் என்னைத் திரும்பிப் பார்க்கத் தயார். ஆனால் பார்த்தால் மற்றவன்களின் பிழைதான் தெரியுது. என்ன செய்ய?
– கழகச் செயலாளர் (வயது 24), அச்சுவேலி

பதில்: உண்மையைச் சொன்னதற்கு முதலில் ஒரு சபாஷ்.

தம்பி, மற்றவர்களின் பிழை உங்களுக்குத் தெரிவது பிழை இல்லை. அது உண்மையாகவும் இருக்கலாம். ஜெனரேற்றர்க்காரன் பிந்தினான், பிந்தியது நீங்கள் இல்லை. ஆனால் அவனைப் பற்றிக் கொப்பியில் எழுதி என்ன பலன், அவன் வாசிக்கப் போவதில்லை. எழுதும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் எழுவாய் 'நான்' என்று வைத்துப் பாருங்கள். 'ஜெனரேற்றர் பிந்தியது' என்பதற்கு, 'நான் ஜெனரேற்றர்க்காரனுக்கு எப்போது கடைசியாகப் போன் எடுத்தேன்?' முதல் நாளா? ஒரு கிழமைக்கு முன்னமா? இந்த ஒரு மாற்றத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும், மீதிப் பாதி நியாயமான கோபம், அதை வைத்திருங்கள்.

ஆனால் இது உங்கள் ஒருவருடைய கணக்கு மட்டும் இல்லை, கழகமே கூடி இருந்து பார்க்க வேண்டிய கணக்கு. அமெரிக்க இராணுவம் 1970களில் தொடங்கி ஒரு முறை வைத்திருக்கிறது. இராணுவம் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் எங்கள் ஊரில் இருப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது, ஆனாலும் இந்த முறை நல்ல முறை. ஒரு பயிற்சி முடிந்த கையோடு எல்லாரும் வட்டமாக இருந்து நாலு கேள்வி கேட்பார்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? வித்தியாசம் எதனால் வந்தது? அடுத்த முறை எதை அப்படியே வைத்திருப்பது, எதை மாற்றுவது? அந்த வட்டத்தில் பதவி பார்ப்பதில்லை, கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுடைய பிழையைச் சொல்லலாம். ஆளுக்கு மார்க் போடுகிற கூட்டம் இல்லை அது.

நீங்கள் செய்ய வேண்டியது, வட்ஸ்அப்பை மூடிவிட்டு மைதானத்திலேயே ஒரு பின்னேரம் எல்லாரையும் கூப்பிடுவது. வட்ஸ்அப்பில் யாரும் யோசிப்பதில்லை, அடிக்கிறதுதான். கூப்பிட்டு, முதல் வாயை நீங்கள் திறந்து, உங்கள் பக்கத்துப் பிழை ஒன்றைச் சொல்லுங்கள். சும்மா "எல்லாத்துக்கும் நான்தான் காரணம்" என்று தியாகி வேஷம் வேண்டாம், அது ஒருவருக்கும் உதவாது, எல்லாரும் "இல்லையடாப்பா" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். "மைக்கை முதல் நாள் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், நான் பார்க்கவில்லை" என்று ஒரு குறிப்பான விஷயம். அதைக் கேட்டவுடன் அடுத்தவனும் தன் பங்கை எடுப்பான். எடுக்காவிட்டால் கொஞ்சம் பேசாமல் இருங்கள், வெறுமையை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

*

கேள்வி: சிஸ்டர், நாங்கள் கத்தோலிக்கர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போக முதல் ஆன்ம சோதனை செய்கிறவர்கள்தான். நீங்கள் புதிதாக என்ன சொல்கிறீர்கள்?
– கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், பாசையூர்

பதில்: புதிதாக ஒன்றுமே இல்லை ஐயா, உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதைத்தான் நான் கடையில் வாங்கி வந்திருக்கிறேன். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டிலேயே இதை நாளுக்கு இரண்டு தரம் செய்யச் சொன்னார், மத்தியானம் ஒரு தரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம். அவர் அதைத் தொடங்கச் சொன்ன இடம் எனக்குப் பிடிக்கும். பிழையிலிருந்து இல்லை, நன்றியிலிருந்து. அன்று கிடைத்த நன்மைகளுக்கு முதலில் நன்றி, அதற்குப் பிறகுதான் எழும்பிய நேரத்திலிருந்து மணி மணியாக நாளைப் பார்ப்பது.

இன்னும் ஒரு நுணுக்கம் சொன்னார். எல்லாக் குறையையும் ஒன்றாகத் தூக்காமல் ஒரே ஒரு குறையை எடுத்து, நாளுக்கு இரண்டு கோடு போட்டு, அந்தக் குறை வந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. நேற்றையை விட இன்று புள்ளி குறைந்ததா, போன கிழமையை விட இந்தக் கிழமை குறைந்ததா என்று பார்ப்பது. சங்கத் தலைவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான முறை நான் காணவில்லை. உதாரணமாக, 'கூட்டத்தில் ஒருவர் கதைத்து முடிக்க முதல் குறுக்கே விழுவது'. உங்களுக்கு அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் சங்கத் தலைவர்களில் அது இல்லாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கூட்டக் குறிப்புக் கொப்பியின் ஓரத்திலேயே புள்ளி வையுங்கள், ஒருவருக்கும் விளங்காது.

இஞ்ஞாசியாருக்கும் பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தி உரோமாபுரியில் செனக்கா என்றொரு தத்துவஞானி. இரவு விளக்கை எடுத்துப்போன பிறகு, இவருடைய பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, தன் முழு நாளையும் ஒன்றையும் மறைக்காமல் திரும்பிப் பார்ப்பாராம். அதில் அவர் கண்டுபிடித்த ஒரு பிழையைத் தானே எழுதியிருக்கிறார்: அந்த ஆளை அளவுக்கு மீறிக் கண்டித்துவிட்டாய், அதனால் அவன் திருந்தவில்லை, மனம் நொந்தான். பிறகு, இனி அப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தனக்கே சொல்லிவிட்டு விடுவார். அந்தப் பேனை மூடிச் சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது இதை வாசித்தபோதுதான். இத்தனைக்கும் அவர் நீரோ மன்னனின் ஆசிரியர், மாணவன் எப்படிப் போனான் என்று உலகத்துக்கே தெரியும். ஆகவே தலைவர் தன்னைப் பார்த்தால் ஊரே திருந்தும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆன்ம சோதனைக்கும் நான் சொல்வதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது உங்களுக்கும் அவருக்கும் இடையில். கூட்டத்தில் யாரை அவமானப்படுத்தினோமோ, அவர் நாளை காலை அதே கரையில்தான் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டு இருப்பார். அவரிடமும் போக வேண்டும். நான் அந்த நேர்ஸ் பிள்ளையிடம் போக ஒரு கிழமை எடுத்தேன். என் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன், கத்தியது எங்கே? அதே ஏழு மணி, அதே ஆட்கள் நிற்க, நான் செய்தது பிழை என்று சொன்னேன். பிள்ளை அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை காலையில் என் முதல் கேள்வி சாட் இல்லை, "இரவு எப்படிப் போனது?" என்பதுதான்.

*

கேள்வி: அப்பா 19 வருஷமாகக் கோயில் பரிபாலன சபைத் தலைவர். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்ல ஏலாது. உங்கள் பதில்களை வெட்டி அவருடைய மேசையில் வைக்கலாமா?
– மகள், சங்கானை

பதில்: வைக்க வேண்டாம் பிள்ளை. அடுத்த மாதம் என் பத்தியைத்தான் கூட்டத்தில் பேசுவார்கள்.

19 வருஷம் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்பதை மட்டும் கேட்ட காதுக்கு வேறு சத்தம் புதிதாக இருக்கும். அவரைக் கொப்பி எழுத வைக்க உங்களால் முடியாது. ஒரு கேள்வி கேட்க முடியும். திருவிழா முடிந்து, பூங்காவனமும் முடிந்து, அவர் சாய்மனைக் கதிரையில் களைத்துப்போய்ச் சரிந்திருக்கும்போது, "அப்பா, இந்த முறை உங்களுக்கு மனசுக்குச் சரியாகப் படாமல் போனது எது?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருங்கள். அவர் மற்ற உறுப்பினர்களை ஒரு பாட்டம் திட்டுவார். திட்டட்டும். "அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா?" இரண்டாம் கேள்வி அவ்வளவுதான். பதில் வராவிட்டால் தேத்தண்ணி போடப் போங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் படம் இருந்தால், அதற்குக் கீழே அவருடைய 'நாம் அறியோம்' என்ற வாக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். படத்தைத் துடைக்கிற சாக்கில் ஒரு தரம் சத்தமாக வாசிக்கலாம்.

*

கேள்வி: போனில் எழுதலாமா? எழுதி முடித்த கொப்பியை வீட்டுக்காரர் வாசித்தால் என்ன செய்வது?
– பெயர் போடவில்லை, திருநெல்வேலி

பதில்: போனில் எழுதலாம், தடை இல்லை. எனக்குச் சரிவரவில்லை, இரண்டு வரி எழுத முதல் கனடாவிலிருந்து யாராவது வீடியோக் கோல் எடுப்பார்கள்.

வாசித்தால் என்ன என்பதற்கு, ஒருவர் வாசிப்பார் என்ற நினைப்போடு எழுதினால் நீங்கள் உங்களுக்காக எழுதவில்லை, அவருக்காக வழக்குப் பேசுகிறீர்கள். ஆகவே முடிந்த கொப்பியை வைத்திருக்காதீர்கள். எரிக்க முதல் ஒரு தடவை முழுதாகப் புரட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு அப்படித் திரும்பத் திரும்ப வந்தது காலை ஏழு மணி. பசியில் இருந்திருக்கிறேன்! வாட்டுக்குப் போக முதல் இரண்டு பிஸ்கட் சாப்பிடத் தொடங்கியதில் குறைந்த கத்தல், எந்தத் தத்துவத்திலும் குறையவில்லை.

என்னுடைய கொப்பிகளைப் பின்வளவில் சருகோடு போட்டு எரித்துவிட்டேன். அந்த முதல் கொப்பியை மட்டும், நாலு பக்கமும் மீன் கணக்கும் உள்ளது, அலுமாரிக்கு அடியில் வைத்திருந்தேன். போன கிழமை எடுத்துப் பார்த்தால் கறையான் மூன்று பக்கத்தை முடித்துவிட்டது. மீன் கணக்கு அப்படியே இருக்கிறது.